ஐந்தாவது குலவை

கோணிக்குள் இருந்தது யார் என்று தெரிந்துகொள்ள வஹோமேயின் நாவலில் முந்நூறு பக்கம் படிக்க வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் அன்று கோணிக்குள் இருந்தவள் வமுயு. என் தேயிலைக்குப் பக்கத்துத் தேயிலை அவளுடையது. என் மூன்று பிரசவத்துக்கும் கூட இருந்தவள், என் அம்மா செத்தபோது என்னைவிட அதிகமாக அழுதவள். என் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டி, அவரை லாரியில் ஏற்றிவிட்டவளும் அவள்தான். ஒளித்துவைத்துக் கடைசியில் படாரென்று திறந்து காட்ட இது ஒன்றும் நாவல் இல்லை.

வமுயு என்னைவிட நாலு வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல உயரம், நீளமான கை, கொழுந்து பறிப்பதில் அவளை யாரும் முந்த முடியாது. மாதா கோயில் பெண்கள் சங்கத்துக்கு அவள்தான் தலைவி. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் போய் அடுப்பு மூட்டுவாள். ஓயாத வறட்டு இருமல் ஒன்று உண்டு. எந்த மருந்துக்கும் அது கட்டுப்பட்டதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. எங்கள் மலைமுகட்டில் வருஷத்தில் பாதி நாள் மழை. கோணியின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகினால் தலைக்குக் குல்லா ஆயிற்று. அதைப் போட்டுக்கொண்டுதான் எல்லாரும் கொழுந்து பறிப்போம். வமுயு மட்டும் போடவே மாட்டாள், சொட்டச் சொட்ட நனைவாள்.

“அக்கா, நீ என்ன வாத்தா? இப்படி நனையறியே!” என்பேன்.

“வாத்துக்குச் சளி பிடிக்காதுடி. எனக்குத்தான் எப்பவோ பிடிச்சுப்போச்சே” என்று சொல்லி இருமிக் காட்டுவாள்.

தலைமுடி கலைந்துவிடும் என்று பார்க்கிறாள், அலட்டல்காரி என்று நாங்கள் அவள் முதுகுக்குப் பின்னால் பேசிச் சிரிப்போம். முப்பது வருஷம் இப்படியே சிரித்திருக்கிறோம். எங்கள் வாயில் மண்ணைப் போட.

ஐம்பத்து நாலில் எனக்குப் பன்னிரண்டு வயது. நாட்டை ஆண்ட வெள்ளைக்காரனை எதிர்த்து எங்கள் பையன்கள் காட்டுக்குள் போய்ச் சண்டை போட்ட காலம். அவர்களுக்குச் சோறு போகக் கூடாது என்று வெள்ளைக்காரத் துரைகள், ஆளுக்கொரு சரிவில் இருந்த எங்கள் வீடுகளையெல்லாம் கொளுத்திவிட்டு, எல்லாரையும் ஒரே இடத்தில் அடைத்தார்கள். சுற்றிலும் ஆள் உயரத்துக்கு அகழி. அதற்குள் கூர் சீவிய மூங்கில். எங்களை அடைக்க எங்கள் அம்மாமார்களே அந்த அகழியை வெட்டினார்கள், முதுகில் பிள்ளையும் கையில் மண்வெட்டியுமாக. உட்கார்ந்தால் ஊர்க்காவல் படைக்காரன் சவுக்கால் எழுப்புவான். அவனும் எங்கள் ஆள்தான், நேற்றுவரை எங்களோடு கஞ்சி குடித்தவன். சந்தை கிடையாது, தோட்டத்துக்குப் போக ஒரு மணி நேரம்தான் அனுமதி. அந்த வருஷம் எங்கள் குடிசை வரிசையில் ஒரு கைக்குழந்தைகூடத் தப்பவில்லை. என் தம்பியும் அதில் போனான்.

எங்களில் மனிதர்களை எண்ணுகிற வழக்கம் இல்லை. பத்துப் பேர் இருந்தால் ‘ஒன்பது நிறைய’ என்போம். எண்ணினால் சாவு வந்து அந்தக் கணக்கைக் குறைக்கும் என்பார்கள். எங்கள் அடைப்புக்குப் பொறுப்பான துரை தினமும் காலையில் எங்களை வரிசையில் நிற்கவைத்து எண்ணினான். குறைந்துகொண்டேதான் வந்தோம்.

அந்தத் துரைக்கு நாங்கள் வைத்த பெயர் மெல்லப்பேச்சு. கத்த மாட்டான், கெட்ட வார்த்தை பேச மாட்டான். பழுப்பு நாய் ஒன்று கூடவே வரும். இளைத்துப்போன பிள்ளையைப் பார்த்தால் நின்று, “ஏன் இப்படி இருக்கிறது?” என்று மொழிபெயர்ப்பாளரிடம் உண்மையாகவே கேட்பான். கேட்டுவிட்டு எதையோ எழுதிக்கொள்வான். சாயங்காலம் அவன் விசாரணைக் கொட்டகையிலிருந்து வருகிற சத்தம் அகழிக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

ஒரு நாள் காலை எண்ணிக்கை முடிந்தும் எங்களைக் கலைய விடவில்லை. ஆண்களை முன்னால் நிறுத்தினார்கள். கொட்டகைக்குள்ளிருந்து ஓர் உருவத்தைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். தலையிலிருந்து இடுப்பு வரை கோணி, கண் இருக்கிற இடத்தில் இரண்டு ஓட்டை. கோணிக்குக் கீழே முழங்கால் வரை ஒரு பழைய பட்டாளத்துக் கோட்டு. காலில் பூட்ஸ். உங்கள் பக்கம் நிற்போம் என்று காட்டிலிருந்த பையன்களுக்குச் சத்தியம் செய்துகொடுத்தவர் யார், சோறு கொடுத்தவர் யார் என்று அந்தக் கோணிக்குத் தெரியுமாம். வரிசை முன்னால் அது மெதுவாக நடக்கும். யார் எதிரில் அது தலையாட்டுகிறதோ அவர் லாரிக்கு.

அது தலையை ஆட்டியது, இருமியது. இன்னும் இரண்டு எட்டு வைத்தது, ஆட்டியது, இருமியது. அந்த இருமலை நான் என் காதால் கேட்டேன். என் அப்பா கிதைகா எனக்கு நேர் முன்னால் நின்றார். எனக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. கோணி அவர் எதிரில் நின்றது, ஆட்டியது. அப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். கல் உடைக்கிற முகாமில் இருந்தார் என்று கேள்விப்பட்டோம். அங்கிருந்து திரும்பி வந்த ஒருவர் அம்மாவிடம் சொன்னதை மறைப்புக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டேன். அதை இங்கே சொல்லப்போவதில்லை. வஹோமே சொல்லியிருக்கிறான், எட்டுப் பக்கத்துக்கு, நல்ல நல்ல வார்த்தை போட்டு. அதில் அடிபடுகிற ஆள் சாகும்போது மலையைப் பார்த்து ஒரு பிரசங்கம் செய்கிறான். என் அப்பா தண்ணீர் கேட்டுக்கொண்டே செத்தாராம்.

கோட்டு யாருடையது என்று ஊரே அடையாளம் கண்டுவிட்டது. அது தெயூரியின் கோட்டு. பர்மாச் சண்டைக்குப் போய் வந்தபோது கொண்டுவந்தது. இடது கையில் சிவப்புக் கம்பளித் துண்டால் ஒட்டுப்போட்டிருக்கும். எங்கள் முகட்டில் அப்படி ஒரு கோட்டு இன்னொன்று கிடையாது. தெயூரி என் அப்பாவின் கூட்டாளி. வீட்டைக் கொளுத்தின அன்றைக்கே ஊர்க்காவல் படைக்காரன் கோட்டைப் பறித்துக்கொண்டு போய்விட்டான் என்று அவர் பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். அன்று தன்னை வேறொரு கூட்டத்தோடு பாதை வெட்ட அனுப்பியிருந்தார்கள் என்றும் சொன்னார். யார் நம்புகிறார்கள்? மூன்று வாரம் கழித்துக் காட்டிலிருந்து வந்த பையன்கள் ஆற்றங்கரையில் அவர் கழுத்தை நெரித்துப் போட்டுவிட்டார்கள். மனைவியும் அந்த வருஷமே போய்விட்டாள். கபுரா என்கிற இரண்டு வயதுப் பெண் குழந்தை மிஞ்சியது. துரோகி மகள் என்ற பெயரோடுதான் அவள் வளர்ந்தாள். அவள் போகும்போது நான் கீழே துப்பியிருக்கிறேன். ஆமாம், நான்தான், மறைக்க என்ன இருக்கிறது?

வமுயு மட்டும் அந்தப் பெண்ணைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பாள், அவள் தோட்டத்தைக் கொத்திக் கொடுப்பாள். “துரோகி வீட்டுக்கு என்னக்கா அவ்வளவு கரிசனம்?” என்று கேட்டால், “குழந்தை என்னடி பண்ணுச்சு?” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவாள். கோயில் சங்கத் தலைவி அல்லவா, அப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டோம்.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். வஹோமே எங்கள் ஊர்ப் பையன். நைரோபியில் கல்லூரி வாத்தியார். எண்பத்து மூன்றில், எங்கள் பாஷையிலேயே அந்த நாவலை எழுதி அச்சுப் போட்டான். எங்கள் கொழுந்துக் கூடத்தில் எடைபோட வருகிற லாரி எந்தக் காலத்திலும் நேரத்துக்கு வந்ததில்லை. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஏழாவது வரை படித்தவள், குரலும் கணீரென்று இருக்கும் என்று என்னையே வாசிக்கச் சொன்னார்கள். நானும் வாசித்தேன். சும்மா வாசிக்கவில்லை, துரைக்கு ஒரு குரல், நாய்க்கு ஒரு குரல் என்று போட்டு வாசித்தேன்.

எங்கள் கதையை அச்சில் பார்க்கிறபோது வந்த சந்தோஷத்தை இல்லை என்று சொல்ல முடியாது. அகழி வெட்டுகிற இடத்தில் கூடமே அழுதது. ஆனால் வஹோமேயின் அகழியில் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டே வெட்டுகிறார்கள். எங்களுக்குப் பாட மூச்சு எங்கே இருந்தது? அவன் துரைக்குச் சிவப்பு மீசை, எப்போதும் குடி, பேய்ச் சிரிப்பு. எங்களவன் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. காட்டிலிருந்த பையன்கள் ஒருவர்கூட அவன் கதையில் தப்புப் பண்ணுவதில்லை. கோணிக்குள் இருக்கிறவன் ஒரு குடிகாரன், நிலத்துக்கும் ஒரு சைக்கிளுக்கும் ஆசைப்பட்டவன். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் கோணிக்குள்ளிருந்து சிரிக்கிறான். முந்நூறாவது பக்கத்தில் கோணியை உருவுகிறார்கள். சிவப்பு ஒட்டுப்போட்ட கோட்டு. பெயர் தெயூரி.

அப்படியே பெயரைப் போட்டிருந்தான்! கூடம் கைதட்டியது. இன்னொரு தரம் வாசி என்றார்கள். நாலு தரம் முழுப் புத்தகத்தையும் வாசித்தேன். நாலாவது தரம் வாசிக்கும்போது எனக்கே இருமல் மறந்துவிட்டது, சிரிப்புத்தான் நினைவில் இருந்தது. என் அப்பாவின் முதுகும் அதற்கு அப்பால் ஒரு சிரிப்பும். என் சொந்தக் காது கேட்டதை என் வாய் வாசித்தே அழித்துவிட்டது. வமுயு தூணோரம் உட்கார்ந்து நாலு தரமும் கேட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கபுரா உண்டாகியிருந்தாள். எங்களில் பிள்ளைக்குப் பெயரை யாரும் யோசித்துத் தேடுவதில்லை. மூத்த மகனுக்குப் புருஷனின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்குப் பெண்ணின் அப்பா பெயர். பேரன் வந்தால்தான் போன ஆள் திரும்பி வந்த மாதிரி. பெயர் வைக்க ஆள் இல்லாதவன் முழுசாகச் செத்தவன். கபுராவுக்கு முதலில் ஒரு பையன், பிறகு இரண்டு பெண்கள். இது பையனாக இருந்தால் பெயர் தெயூரி. அவள் மாமியார் வருகுரு பொல்லாதவள்தான். ஆனாலும், “எல்லாம் பழைய கதை, ஊரும் மறந்துட்டு வருது, வெச்சா வெச்சுட்டுப் போறா” என்கிற அளவுக்கு இளகியிருந்தாள். கபுரா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் பூரித்துப்போய்த் திரிந்தாள்.

அதற்குள் வருகுருவும் கொழுந்துக் கூடத்தில் நான் வாசித்ததைக் கேட்டுவிட்டாள். அன்று சாயங்காலமே மருமகளைக் கூப்பிட்டுச் சொன்னாளாம்: “அந்தப் பேரு என் வாசல்படி ஏறாது. புத்தகத்துலயே போட்டாச்சு. ஊர் உலகமே படிக்குது. என் பேரனைக் கூப்பிடறப்போ எல்லாரும் கோணியை நினைக்கணுமா?”

கபுரா அடுத்த நாள் கொழுந்து கொண்டுவந்தபோது முகம் வீங்கியிருந்தது. வமுயு அவளைப் பார்த்தாள், புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தாள். “வங்கேச்சி, வஹோமே இந்த ஞாயித்துக்கிழமை அவங்க அம்மா வீட்டுக்கு வரானாம். நீயும் என்கூட வா. எனக்குப் புத்தகம் பேசத் தெரியாது” என்றாள்.

போனோம். வஹோமே மரியாதையான பையன். நாற்காலி போட்டு, டீ கொடுத்தான். வமுயு டீயைத் தொடவில்லை.

“தம்பி, அந்தப் பேரை மாத்திடு. அடுத்த தரம் அச்சுப் போடறப்போ வேற பேரு போடு.”

“அக்கா, அது நாவல். கற்பனை. என் தெயூரி வேற, உங்க ஊர்த் தெயூரி வேற.”

“அப்போ கோட்டு யாரோடது?”

அவன் கொஞ்சம் சிரித்தான். “சின்ன வயசுல எங்கம்மா சொல்லிக் கேட்டது. கதைக்கு நல்லா இருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்.”

“கோட்டு நிஜம், சிவப்பு ஒட்டு நிஜம், பேரும் நிஜம். ஆளு மட்டும் கற்பனையா?”

“அக்கா, கோணிக்குள்ள யாராவது ஒருத்தர் இருந்துதானே ஆகணும்?”

“இருந்தாங்க. அது தெயூரி இல்ல. ஒரு பொண்ணு. பதினாறு வயசுப் பொண்ணு.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் எங்கேயோ கேள்விப்பட்டதைச் சொல்கிறாள் என்றுதான் அப்போதும் நினைத்தேன். நான் அவ்வளவு மடச்சி.

வஹோமே தலையைத் தடவிக்கொண்டான். “பொண்ணுன்னா யாரும் நம்ப மாட்டாங்கக்கா. படிக்கிறவனுக்கு யாரையாவது வெறுக்கணும். பதினாறு வயசுப் பொண்ணை எப்படி வெறுப்பான்? அதுவும் இல்லாம பள்ளிக்கூடத்துக்குப் பாடமா வைக்கப்போறாங்க. இப்பப் போய் மாத்த முடியாது.”

“வெறுக்க ஆள் வேணும்னு செத்தவனை எடுத்துக்கிட்டியா?” என்று நான் கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் நாக்கு நிற்காது. வமுயு எழுந்துகொண்டாள். வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் கபுராவுக்கு வலி கண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பையன் பிறந்திருக்கிறான் என்று மத்தியானம் கொழுந்துக் கூடத்துக்குச் செய்தி வந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது, லாரி வரவில்லை. எல்லாரும் கோணிக் குல்லாவோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தோம். வருகுருவும் இருந்தாள், பெயரை முடிவு செய்துவிட்டதாகச் சொன்னாள், அவள் அண்ணன் பெயராம். “சரி, சரி, வாசிடி” என்று யாரோ சொல்ல, நான் புத்தகத்தைத் திறந்தேன். ‘கோணிக்குள்ளிருந்து அவன் சிரித்தான்’ என்று வாசித்தேன்.

“அது சிரிக்கல” என்றாள் வமுயு.

எல்லாரும் திரும்பினார்கள்.

“சிரிக்கல. இருமுச்சு. பூச்சிமருந்து செய்யறதுக்குக் காயவெச்ச பூவை அள்ளின கோணி அது. தூள் அப்படியே உள்ள இருந்துச்சு.”

முரிங்கி என்று ஒருத்தி, இரண்டு அண்ணன்களை அன்று அந்த லாரிக்குப் பறிகொடுத்தவள், “உனக்கு எப்படித் தெரியும்? நீ எங்க நின்னே?” என்று கேட்டாள்.

“உள்ள.”

ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். “அக்காவுக்குக் காய்ச்சல் போலிருக்கு. புத்தகத்துல ஆம்பளைன்னு போட்டிருக்கு, நீ பாட்டுக்கு...” என்று வருகுரு ஆரம்பித்தாள். இன்னும் நாலு பேர் சிரித்தார்கள். அச்சில் இருப்பதா பொய், வமுயு சொல்வதா நிஜம்? நானே சிரித்தேனோ என்னவோ, எனக்கு நினைவில்லை.

வமுயு என் பக்கத்தில் வந்தாள். என் தலையில் இருந்த கோணியை எடுத்தாள். மூலையைப் பிரித்து உதறினாள். முப்பது வருஷம் மழையில் நனைந்தவள், அதைத் தன் தலை வழியாகத் தோள் வரை இழுத்து மாட்டிக்கொண்டாள். முரிங்கி எதிரில் போய் நின்று தலையை ஆட்டினாள், ஒரே ஒரு தடவை, மெதுவாக. அப்புறம் உள்ளேயிருந்து அந்த இருமல் வந்தது.

முரிங்கி ‘ஐயோ’ என்று கத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அந்த நிமிஷம் பன்னிரண்டு வயது. தினமும் என் காதருகில் கேட்ட இருமல்தான். கோணிக்குள்ளிருந்து வந்தபோதுதான் அது அடையாளம் தெரிந்தது. கூடத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

கோணியை எடுத்துவிட்டு வமுயு நின்றபடியே சொன்னாள். காட்டுப் பையன்களுக்குச் சோறு கொண்டுபோனபோது பிடிபட்டாள். அவள் அம்மாவையும் கொட்டகைக்குக் கொண்டுவந்து, மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் கட்டிப்போட்டிருந்தார்கள். மெல்லப்பேச்சு அவளிடம் குனிந்து, மெதுவாகச் சொன்னானாம், நீ ஒரு தடவை தலையாட்டினால் உன் அம்மாவுக்கு ஒரு கோப்பை தண்ணீர். பாவாடையும் பெண் காலும் தெரியக் கூடாது என்று பறித்துவைத்திருந்த கோட்டில் ஒன்றை மாட்டி, பூட்ஸும் போட்டுவிட்டார்கள். எத்தனை கோப்பை என்று அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அம்மா மறுநாள் செத்துப்போனாள்.

“தெயூரியைக் கொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமேடி!” என்று முரிங்கி தரையிலிருந்தே கத்தினாள்.

“பயந்துட்டேன். சொன்னா என்னையும் நெரிப்பாங்கன்னு பயந்துட்டேன். அப்புறம் கல்யாணம் ஆச்சு, பிள்ளைங்க வந்துச்சு. ஒவ்வொரு வருஷமும் சொல்லணும்னு நினைப்பேன். ஒவ்வொரு வருஷமும் சொல்றது இன்னும் கஷ்டமாச்சு.” பிறகு வருகுருவைப் பார்த்துக் கைகூப்பினாள். “அத்தை, அந்தப் பேருல அழுக்கு இல்ல. எல்லா அழுக்கும் என்னோடது. அந்தப் பிள்ளைக்குப் பேரை வெச்சுடுங்க.”

லாரி வந்தது. அவள் கூடையை மட்டும் ஒருவரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. அவளே தூக்கி எடைக் கொக்கியில் மாட்டினாள்.

நான் அவளைப் பாதையில் மடக்கினேன். மழை இரண்டு பேர் மேலும் கொட்டியது. “எங்கப்பாவை ஏன் காமிச்சே?” என்று கேட்டேன். “அவரு காட்டுக்குச் சோறு அனுப்பல. சத்தியம் எடுக்கல. அவரை ஏன்?”

அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“உங்கப்பா சிரிச்சாருடி” என்றாள். “கோட்டைப் பார்த்துட்டாரு. உள்ள இருக்கறது கூட்டாளின்னு நினைச்சுக்கிட்டாரு. இவன் நம்மளைக் காட்டிக்கொடுக்க மாட்டான்னு, லேசா, என் கண்ணைப் பார்த்துச் சிரிச்சாரு. என்னைத் தெரிஞ்சுபோச்சோன்னு எனக்கு உடம்பு ஆடிப்போச்சு. தலையும் ஆடிடுச்சு. வேணும்னு ஆட்டல வங்கேச்சி. ஆனா அதுக்கும் ஒரு கோப்பை தண்ணி கொடுத்தாங்க. நான் வாங்கிக்கிட்டேன்.”

நான் அவளை அறைந்தேன். ஓங்கி, கன்னத்தில். அவள் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்து, மூன்று நாள் தோட்டத்துக்குப் போகாமல் கிடந்தேன். முப்பது வருஷமாக அப்பாவின் முதுகு மட்டும்தான் எனக்கு இருந்தது. இப்போது முகமும் கிடைத்துவிட்டது, சிரித்த முகம். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கபுரா குழந்தையோடு வீட்டுக்கு வந்த அன்று, வழக்கப்படி பெண்கள் எல்லாரும் கஞ்சிக் குடுக்கையோடு போனோம். வருகுரு எதையும் தடுக்காமல் கதவோரம் நின்றாள். வமுயு உள்ளே வரவில்லை, வாசல் வேலிக்கு வெளியே மண்ணில் நின்றாள். யாரும் வா என்று சொல்லவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. கபுரா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தார்கள். தன்னை வளர்த்ததில் பாதி இவள் கை என்பதும், தன் அப்பனைக் கொன்றதில் பாதி இவள் வாய் திறக்காதது என்பதும் அவளுக்குத் தெரியும். அழுது முடித்த முகம்.

“உள்ள வராதீங்க” என்றாள். “அங்கேயே நில்லுங்க. இவன் பேரை நீங்க சொல்லுங்க. எல்லாரும் கேக்கற மாதிரி சொல்லுங்க.”

“தெயூரி” என்றாள் வமுயு.

“சத்தமா.”

“தெயூரி! தெயூரி வந்துட்டான்!” என்று அவள் கத்தினது எதிர் முகடு வரை கேட்டிருக்கும்.

“குலவை போடுங்க.”

பெண் பிறந்தால் மூன்று, ஆண் பிறந்தால் ஐந்து. எத்தனை கேட்கிறதோ அதை வைத்துத்தான் தூரத்துத் தோட்டத்தில் நிற்கிறவர்கள் என்ன குழந்தை என்று தெரிந்துகொள்வார்கள். எப்போதும் எல்லாரும் சேர்ந்து போடுவது. அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை. வமுயு தனியாகப் போட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது பாதியில் இருமல் பிடித்துக்கொண்டது, இழுத்துப் பிடித்து முடித்தாள். ஐந்தாவதுக்கு வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. முழங்காலைப் பிடித்துக் குனிந்து இருமினாள், இருமினாள், நிற்கவே இல்லை. கபுரா குழந்தையோடு அப்படியே நின்றாள். குழந்தை விழித்துக்கொண்டு, சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பியது.

நாலு குலவை என்றால் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஒன்றும் பிறக்கவில்லை என்று அர்த்தம். ஊரே முதல் தரம் அந்த மனிதனைக் கொன்றது. நான் கணீரென்ற குரலில் வாசித்து வாசித்து இரண்டாம் தரம் கொன்றேன். ஒரு மூச்சு போதாமல் மூன்றாம் தரமும் சாக வேண்டுமா? நான் கஞ்சிக் குடுக்கையைக் கீழே வைத்தேன். ஐந்தாவதை நான் போட்டேன். என் மூச்சு இருக்கிற மட்டும் இழுத்துப் போட்டேன்.

வமுயு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்காக நான் போடவில்லை.

அதற்கப்புறம் மூன்று வருஷம் ஆகிறது. அவள் சங்கத் தலைவி இல்லை. எங்கள் தோட்டங்கள் இன்னும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. வரிசை முடிகிற இடத்தில் இருவரும் ஒன்றாகத் திரும்புவோம், ஒரு வார்த்தை பேசுவதில்லை. மழை வந்தால் அவள் இப்போதும் நனைகிறாள். போன மாதம் நல்ல மழையில் என் வீட்டிலிருந்த பழைய குடையைக் கொண்டுபோய் அவள் வரிசையில் குத்திவைத்துவிட்டு வந்தேன். எடுத்தாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வஹோமேயின் புத்தகம் பள்ளிக்கூடத்துக்குப் பாடமாகிவிட்டது. பெயரை மாற்றவில்லை. கபுராவின் பையன் தெயூரிக்கு மூன்று வயது, வாயாடி. இன்னும் பத்து வருஷத்தில் அவனும் அந்தப் பாடத்தைப் படிப்பான், முந்நூறாவது பக்கத்தில் தன் பெயரைப் பார்ப்பான். பார்த்துவிட்டு நேரே என்னிடம் ஓடிவரட்டும். குரல் இன்னும் கணீரென்றுதான் இருக்கிறது.